முகம் பார்க்கும் அட்டெண்டன்ஸ் மெஷின்: எதிரே நின்றவள் எழுதுகிறேன்

ஆன்லைனில் இந்த மெஷினுக்கு வந்திருக்கும் விமர்சனங்களைப் படித்தால் சிரிப்பு வருகிறது. "லேட்டாக வருவது நின்றுவிட்டது", "ஸ்டாஃப் இனி ஏமாற்ற முடியாது", "கொடுத்த காசுக்கு மோசமில்லை". எல்லாம் வாங்கியவர்கள் எழுதியது. தினமும் காலையும் மாலையும் அதன் எதிரே போய் முகத்தைக் காட்டுகிறவர்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. சரி, நான் எழுதுகிறேன்.

எனக்குக் கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு. கஞ்சிக்கோட்டில் ஒரு தின்பண்ட பேக்கிங் கம்பெனியின் டைம் ஆபீஸில் உதவிக்கு இருந்தேன். கான்ட்ராக்டர் எடுத்த ஆள்தான். ஷிஃப்ட் கூலியை எட்டால் வகுத்து மணிக் கணக்கில் சம்பளம். மற்றவர்களின் பஞ்ச், அதாவது மெஷினில் பதிந்த வருகிற, போகிற நேரம், அதைக் கம்ப்யூட்டரில் இறக்கிக் கணக்குப் போடுவதும் நான், அதே மெஷினில் முகம் காட்டிக் கூலி வாங்குவதும் நான். கம்பெனி பெயர் வேண்டாம், மெஷின் பெயரும் வேண்டாம். பத்தாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே விற்கும் இந்த ரகத்தில் நான் பார்த்த வரைக்கும் ஸ்டிக்கர்தான் வேறு வேறு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் எங்களிடம் விரல் வைக்கிற மெஷின் இருந்தது. ரேஷன் கடையில் ரேகை விழாமல் நின்றவர்களுக்கு அதைப் பற்றி விளக்கவே வேண்டாம். வீட்டில் பாத்திரம் தேய்த்து, காட்டில் களை பிடுங்கி, கம்பெனியில் நாள் முழுக்க சானிட்டைசர் ஊற்றித் தேய்த்த கையில் ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? வயதான அக்காக்கள் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பார்கள், முந்தானையில் துடைப்பார்கள், வாயால் ஊதுவார்கள். பின்னால் நிற்கிறவர்கள் முனகுவார்கள். அதற்குள் எட்டு மணி தாண்டி லேட் விழுந்துவிடும். முக மெஷின் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. மாஸ்க்கை மட்டும் கீழே இறக்கினால் போதும். வலைத் தொப்பி இருந்தாலும் பிடிக்கிறது, திருநீறு சந்தனம் எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஒடிசாப் பையன் ஒருவன் தாடியை எடுத்துவிட்டு வந்தான், ஓர் அக்கா பழனிக்குப் போய் மொட்டையோடு வந்தார். இரண்டு பேரையும் மெஷின் தயங்காமல் ஏற்றுக்கொண்டது. செக்யூரிட்டி அண்ணன்தான் அக்காவை நிறுத்தி யார் என்று கேட்டார்.

உயரம் ஒரு குறை. மாட்ட வந்த பையன் தன் முகம் தெரிகிற உயரத்தில் அளவெடுத்து ஸ்க்ரூ முடுக்கிவிட்டுப் போய்விட்டான். எங்கள் லைனில் பாதிப் பேர் ஐந்தடிகூட இல்லை. குதிகாலைத் தூக்கி, கழுத்தை நீட்டி, கோழி எட்டிப் பார்ப்பது மாதிரிதான் அட்டெண்டன்ஸ் போட்டார்கள். யாரோ ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டார்கள், பிரமாதமாக வேலை செய்தது. ஆடிட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்று கிரேட்டை எடுத்தவர்கள் திருப்பிப் போடவே இல்லை.

அடுத்தது வெயில். பாலக்காட்டு வெயிலை, அதிலும் மார்ச் ஏப்ரல் மாத மாலை வெயிலைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நமக்குப் பின்னால் கதவு திறந்திருந்து அதன் வழியாக வெளிச்சம் அடித்தால் மெஷினுக்கு நம் முகம் வெறும் கறுப்பு. "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். எங்கள் கூட்டத்தில் அந்தக் குரலை அப்படியே பேசிக் காட்டுகிற பெண் ஒருத்தி இருந்தாள், சோற்றைக் கொஞ்சம் கூட வை என்றால்கூட அந்தக் குரலில்தான் பதில் வரும். சிரித்தாலும் இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. காலையில் மெஷின் தடுமாறினால் நஷ்டம் நமக்கு. மாலையில் தடுமாறி பஞ்ச் அரை மணிக்கு மேல் தள்ளிப்போனால் நஷ்டம் கம்பெனிக்கு. காலை நேரத்துப் புகார்கள் ரிஜிஸ்டரில் கிடந்து தூங்கின. மாலை வெயில் கோளாறுக்கு மட்டும் இரண்டே நாளில் ஆள் வந்து கதவுக்குத் திரை மாட்டிவிட்டான்.

கரண்ட் போனால் மெஷினும் போய்விடும், சின்ன யூ.பி.எஸ். ஒன்று சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. மணி விஷயத்திலும் கவனம் வேண்டும். எங்களுடையது டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்துதான் மணியை எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் ஐந்து நிமிடம் வேகமாக ஓடினால் அத்தனை பேரும் ஐந்து நிமிடம் லேட்.

இது வரைக்கும் எழுதியதை எந்தக் கடைக்காரரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார். மெஷினை எங்கே மாட்டுகிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம். அதை எந்த விமர்சனத்திலும் நான் பார்க்கவில்லை.

எங்கள் கம்பெனியில் மெஷின் கேட்டில் இல்லை. கேட்டைத் தாண்டி, பையை ரேக்கில் வைத்து, உடை மாற்றும் அறைக்குப் போய், வளையல், கம்மல், பூ எல்லாம் எடுத்து, கோட்டுப் போட்டு, தொப்பிக்குள் முடியை ஒரு இழைகூட வெளியே தெரியாமல் திணித்து, ஷூ மாற்றி, முழங்கை வரை கை கழுவிய பிறகு பேக்கிங் ஹாலின் வாசலில் இருந்தது. அங்கேதான் முகம் காட்ட வேண்டும். எட்டு மணிக்கு முகம் காட்ட வேண்டும் என்றால் ஏழு ஐம்பதுக்காவது கேட்டுக்குள் நுழைந்திருக்க வேண்டும். தின்பண்டம் செய்கிற இடத்தில் கோட்டும் தொப்பியும் அவசியம், அதில் எனக்குச் சண்டை இல்லை. பூ வைத்துக்கொண்டு யாரும் லைனில் நிற்க முடியாது. ஆனால் அந்தக் கோட்டை நான் என் கல்யாணத்துக்கா போடுகிறேன்?

போகும்போது இன்னும் மோசம். நாலரைக்கு ஹால் வாசலில் முகம் காட்டியதும் மெஷின் "தேங்க் யூ" சொல்லிவிடும். அத்தோடு கம்பெனிக் கணக்கில் நாம் வீட்டுக்குப் போயாகிவிட்டது. அதற்கப்புறம் உடை மாற்ற வேண்டும், அப்புறம் பெண்களுக்கான செக்கிங் வரிசை. அறுபது பெண்களுக்கு ஒரே ஒரு லேடி செக்யூரிட்டி. பையைத் திறந்து, டிஃபன் பாக்ஸைத் திறந்து, குடையை விரித்துக் காட்டி வெளியே வர நாலு ஐம்பது ஆகும். சில நாள் சூப்பர்வைசர் கூச்சமே இல்லாமல், "பஞ்ச் போட்டுட்டு வந்து லைனைத் துடைச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்பார். வேலந்தாவளம் பஸ் கண்ணெதிரே போகும். வரிசையில் நின்றிருந்த ஓர் அக்கா ஒருநாள் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம் அம்மிணி, மெஷினு என்னய நாலரைக்கே அனுப்பிருச்சு. இவ அம்பதுக்குத்தான் விடறா. நடுவுல இருவது நிமிசம் நான் யாரோட ஆளு?"

காலையில் பத்து, மாலையில் இருபது. நாளைக்கு அரை மணி, மாதம் 26 நாளுக்கு 13 மணி நேரம். ஒன்றரை ஷிஃப்டுக்கும் மேல். எங்கள் மாமா கோயமுத்தூரில் மில்லில் இருந்தார். அங்கே டோக்கன். கேட்டில் டோக்கனை எடுத்தால் கேட்டிலிருந்தே கணக்கு, உடை மாற்றுவது அதற்குள்தான் என்பார். அவர் காலத்துத் தகர டோக்கனை விட இந்த மெஷின் ஆயிரம் மடங்கு புத்திசாலி, அதில் சந்தேகமே இல்லை. மாட்டிய சுவர்தான் உள்ளே நாற்பது மீட்டர் தள்ளிப் போய்விட்டது.

அடுத்து, கூடவே கொடுக்கிற சாஃப்ட்வேர். மாட்டுகிறவன் முதலாளியிடம் ஆர்வமாகக் காட்டுவது இதைத்தான். மெஷின் நொடி சுத்தமாக எழுதி வைக்கிறது. 07:51:18 என்றால் 07:51:18. அந்தப் பட்டியலை நேராகச் சம்பளத்துக்கு எடுப்பதில்லை. நடுவில் சாஃப்ட்வேரில் சில கட்டங்கள் இருக்கின்றன. ஷிஃப்டுக்கு முன்னால் வந்த நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டுமா, கூடாதா என்று ஒரு டிக். எங்களுக்குக் கூடாது. ஏழு நாற்பதுக்கு வந்து லாரியில் அட்டைப்பெட்டி இறக்க உதவினாலும் எட்டு மணிதான். ரவுண்டிங் என்று ஒன்று. எட்டு நாலுக்கு வந்தால் எட்டே கால் ஆகிவிடும். போகும்போது நாலு ஐம்பத்தெட்டு என்றால் நாலரை ஆகிவிடும், ஏனென்றால் அரை மணிக்குக் குறைந்த ஓவர்டைமை (ஓ.டி.) விட்டுவிடு என்று வேறொரு கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி தானாகவே கழியும். லாரி வந்துவிட்டது என்று இருபதாவது நிமிடத்தில் கை கழுவ வைத்தாலும் முப்பதுதான் கழியும். ரவுண்டிங் அமெரிக்காவிலும் உண்டு, கால் மணி வரை முழுமையாக்கிக்கொள்ள அங்கே விதியே இடம் தருகிறது. ஆனால் இரண்டு பக்கமும் முழுமையாக்க வேண்டும், நாளடைவில் தொழிலாளிக்கு உழைத்த நேரம் குறையக் கூடாது என்பது நிபந்தனை. எங்கள் கட்டங்களில் எல்லாம் ஒரே பக்கம்தான் சாய்மானம்.

வரிசையில் என்னிடம் கேள்வி கேட்ட அந்த அக்காவுக்கு ஒரு பழக்கம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் கேட்டுக்குள் போன நேரம், வெளியே வந்த நேரம் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற கவரில் போட்டுவைப்பார். ஒரு மாதம் கூலி குறைகிறது என்று அந்தத் தாள்களோடு வந்தார். நான் மெஷின் எழுதி வைத்த திருத்தாத பட்டியலையும் சம்பளத்துக்குப் போன மஸ்டரையும் (வருகைப் பதிவேட்டையும்) பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். லைன் துடைக்க நிறுத்திவைத்துவிட்டு அப்புறம் முகம் காட்டவிட்ட ஒரு நாள்: பட்டியலில் உள்ளே 07:51:18, வெளியே 16:58:40. மஸ்டரில் 8:00, 4:30. மாதம் பூராவும் மஸ்டரில் அவர் ஒரு நிமிடம் முந்தியும் வரவில்லை, ஒரு நிமிடம் பிந்தியும் போகவில்லை. எந்த மனுஷி அப்படி இருக்க முடியும்? அக்காவின் காலண்டர் தாள் மெஷினின் பட்டியலோடு ஒத்துப்போனது, கேட்டுக்கும் ஹாலுக்கும் இடையில் உள்ள நேரம்தான் கூடுதல்.

பிரிண்ட் வெளியே போனது எச்.ஆர். சாருக்கு எட்டியது. "இது புறத்து கொடுக்கான் பாடில்ல", இதை வெளியே கொடுக்கக் கூடாது என்று மலையாளத்தில் பொறுமையாகத்தான் சொன்னார். சட்டமும் சொன்னார்: சாப்பாட்டு நேரம் போக எட்டு மணி, நீங்கள் சொல்லும் அரை மணியைச் சேர்த்தாலும் எட்டரை மணி நேரம்தானே ஆகிறது, ஒன்பதுக்குள் அடங்கிவிடுகிறதே என்று. 1948 ஃபேக்டரி சட்டத்தில் நாளுக்கு 9 மணி நேரம் என்று இருந்தது உண்மைதான். அதே சட்டத்தில் வாரத்துக்கு 48 என்றும் இருந்தது. எட்டரையை ஆறு நாளுக்குப் பெருக்கினால் 51. மூன்று மணி நேரத்துக்கு இரட்டைக் கூலி. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21-ல் மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்த இரட்டை மாறவில்லை. ஆனால் கோட்டு மாட்டுகிற நேரமும் பையைத் திறந்து காட்டுகிற நேரமும் வேலை நேரம்தானா என்ற கேள்வியில்தான் எல்லா ஊர்ச் சண்டையும் நிற்கிறது.

அமெரிக்காவில் இதற்குச் சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறார்கள். நெவாடாவில் அமேசான் கிடங்கில் வேலை பார்த்தவர்கள், எங்களைப் போலவே நடுவில் ஒரு ஆள் சப்ளை நிறுவனம் மூலம் சேர்ந்தவர்கள், ஷிஃப்ட் முடிந்த பிறகு திருட்டுச் சோதனை வரிசையில் சுமார் 25 நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது, அதற்குக் கூலி வேண்டும் என்று கேட்டார்கள். 2014 டிசம்பரில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக இல்லை என்றார்கள். கிடங்கில் பொருள் எடுத்துக் கட்டுவதுதான் வேலை, சோதனைக்கு நிற்பது அந்த வேலையின் பிரிக்க முடியாத பகுதி அல்ல என்பது தீர்ப்பு. ஆனால் அதே கோர்ட் 2005-ல், இறைச்சி ஆலைகளில் வேலைக்கு இன்றியமையாத பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு லைனுக்கு நடக்கிற நேரத்துக்கும் கூலி உண்டு என்று சொல்லியிருந்தது. எங்கள் கோட்டுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று வக்கீல்கள்தான் சொல்ல வேண்டும்.

கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் வேறு வழியில் போனது. ஆப்பிள் கடை ஊழியர்கள் பை சோதனைக்கு நிற்பதைப் பற்றிய வழக்கில், அந்த நேரத்தில் அவர்கள் கம்பெனியின் பிடிக்குள் இருக்கிறார்கள், ஆகவே கூலி கொடு என்று அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னது. அக்கா கேட்ட கேள்விக்குக் கிட்டத்தட்ட நேர் பதில். அதற்கு முன் 2018-ல் ஸ்டார்பக்ஸ் ஊழியர் ஒருவரின் வழக்கு. பஞ்ச் போட்டு முடித்த பிறகு அலாரம் போடுவது, கதவு பூட்டுவது என்று தினமும் 4 முதல் 10 நிமிடம். 17 மாதத்துக்குச் சேர்த்தால் 12 மணி 50 நிமிடம், 102 டாலர் 67 சென்ட். இந்த அற்பத்துக்கா வழக்கு என்பதுதான் கம்பெனியின் வாதம். அது ஒரு பில் கட்டவோ ஒரு வாரத்து மளிகைக்கோ ஒரு மாத பஸ் காசுக்கோ ஆகும் என்று நீதிமன்றம் எழுதியது. அவர் 17 மாதத்தில் இழந்த நேரத்தை எங்கள் லைனில் ஒரே மாதத்தில் இழந்துகொண்டிருந்தோம்.

நாங்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை. கான்ட்ராக்டரைக் கேட்டால் கம்பெனியைக் கை காட்டினார், கம்பெனியைக் கேட்டால் கான்ட்ராக்டரைக் கை காட்டினார்கள். அக்காக்கள் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு பாலக்காட்டு லேபர் ஆபீஸுக்குப் போகப்போவதாகச் சொன்ன வாரம் இரண்டாவது லேடி செக்யூரிட்டி வந்தாள். அரை மணி ஓ.டி. கட்டத்தை ஐந்து நிமிடமாக மாற்றச் சொல்லி எனக்கே உத்தரவு வந்தது, மாற்றினேன். காலை நேரக் கட்டத்தை யாரும் தொடவில்லை. மெஷினும் இடம் மாறவில்லை. கான்ட்ராக்ட் புதுப்பித்தபோது என் பெயர் பட்டியலில் இல்லை. காரணம் யாரும் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

ஆகவே மெஷினுக்கு நான் நாலு நட்சத்திரம் தாராளமாகக் கொடுப்பேன். உயரத்துக்கும் வெயிலுக்குமாக ஒன்றைக் குறைத்தேன். சாஃப்ட்வேரின் கட்டங்களை நிரப்பித் தருகிற விதத்துக்கு ஒன்று கொடுப்பதே அதிகம். வாங்குகிறவர்கள் மாட்ட வருகிற பையனிடம் அந்தக் கட்டங்களை எல்லாம் திறந்து காட்டச் சொல்லுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் மஸ்டரை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், பஞ்ச் பட்டியலைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் காலண்டர் தாள் இருக்கிறது.

இப்போது நான் வேலந்தாவளம் பக்கம் தேங்காய் நார் எடுக்கும் ஒரு மஞ்சி மில்லில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி இதே ரகத்தில் ஒன்று வாங்குகிறார். நாரில் தேய்ந்த கைக்கு விரல் மெஷின் ஆகாது, முகம்தான் சரி என்று நானும் சொன்னேன். மாட்ட வந்த பையன் ஆபீஸ் ரூமுக்குள் வைத்தால் வயர் மிச்சம் என்றான். கேட்டில், எடை மேடைக்குப் பக்கத்துத் தூணில்தான் வைக்க வேண்டும், மேலே ஒரு தகரம் இறக்கினால் வெயிலும் மறையும் என்று நான் சொன்னேன். முதலாளி இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். கடைசியில் தூணுக்கே சம்மதித்தார், ஆனால் வயருக்கு மீட்டர் இவ்வளவு என்று பையன் சொன்னதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளாக அந்த பேரம் ஓடுகிறது.